எங்கள் அதிரசத்தை யார் தின்பார்கள்?

தீண்டாமை இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களிடம் நாங்கள் தனிக்குவளையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டோம். பேசினால், "அதெல்லாம் அந்தக் காலம், இப்போது எல்லா டீக்கடையிலும் பேப்பர் கப் வந்துவிட்டதே" என்று பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். அதனால் வேறொரு கேள்வி கேட்கிறோம். போன தீபாவளிக்கு உங்கள் வீட்டிலிருந்து காலனிக்குப் பலகாரம் போனதா? "போனதே, சட்டி நிறையக் கொடுத்தோமே" என்று முகம் மலர்ந்து சொல்வார்கள். சரி, காலனியிலிருந்து உங்கள் வீட்டுக்கு எத்தனை அதிரசம் வந்தது? வந்ததை வீட்டில் யார் தின்றீர்கள்? இந்த இடத்தில் பேச்சு நின்றுவிடும்.

நாங்கள் வேலை செய்வது இளையரசனேந்தலைச் சுற்றியுள்ள சிற்றூர்களில். கோவில்பட்டிக்கு மேற்கே, சங்கரன்கோவில் பக்கம் போகும் கரிசல் காடு. பழைய ஜமீன் ஊர். வருவாய்த் துறைக்குத் தூத்துக்குடி மாவட்டம், ஊராட்சி ஒன்றியத்துக்குக் குருவிகுளம் என்று நெடுங்காலம் இரண்டு பக்கமும் இழுபட்ட குறுவட்டம். மழை பெய்தால் உளுந்து, பாசி, மக்காச்சோளம். பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ். காலையில் வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும், இருட்டும் நேரத்தில் இறக்கிவிடும். நாங்கள் என்றால், மாலை நேரப் படிப்பு மையம் நடத்தும் நான்கு பேரும், அந்த வேனில் போய்வரும் பதினொரு பெண்களும்.

இந்தப் பெண்களின் பாட்டிமார் காலத்தில் தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலம் ஒரு வழக்கம் இருந்தது. பண்ணை வீட்டுக் கொல்லைப்புறத்தில் போய் நின்று முந்தானையை ஏந்த வேண்டும். உள்ளேயிருந்து நான்கு முறுக்கும் இரண்டு அதிரசமும் மேலிருந்து விழும். கை படாது. அதற்காகத்தான் முந்தானை. அதை அவர்கள் அன்பு என்று சொன்னார்கள், எங்கள் பாட்டிமார் உரிமை என்று சொன்னார்கள். ஆண்டு முழுவதும் உழைத்ததற்கு அதுவும் சேர்ந்த கூலி. எப்படிச் சொன்னாலும் அந்தப் பலகாரத்துக்கு ஒரே திசைதான் தெரியும். ஊரிலிருந்து சேரிக்கு வரும், திரும்பிப் போகாது. இன்று முந்தானை போய்விட்டது, பிளாஸ்டிக் பை வந்திருக்கிறது. திசை மாறவில்லை.

போன டிசம்பரில், அரையாண்டுத் தேர்வு விடுமுறையில், பிள்ளைகளுக்கு மூன்று நாள் வாசிப்பு முகாம் வைத்தோம். ஆறு சிற்றூர்களிலிருந்து 120 பிள்ளைகள். அதில் 31 பேர் ஊர்த் தெருப் பிள்ளைகள். அந்த 31 பேரை வரவழைக்கவே இரண்டு மாதம் வீடு வீடாக நடந்திருந்தோம். மதியச் சோறு பிள்ளைகள் அவரவர் வீட்டிலிருந்து கொண்டு வருவது என்று பேச்சு. தின்பண்டம் மட்டும் எங்கள் பொறுப்பு.

கோவில்பட்டியில் கடையில் வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் பேசினோம். கடலை மிட்டாய்க்குப் பேர்போன ஊர். 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பொட்டலம் பொட்டலமாக வாங்கிக் கொடுத்தால் ஒரு வம்பும் இல்லை. பொட்டலத்தில் கடையின் பெயர் இருக்கும், எடை இருக்கும், தேதி இருக்கும். கடலையை வறுத்தது யார், பாகு காய்ச்சியது யார், வெட்டி அடுக்கியது எந்தத் தெருக் கை என்று இருக்காது. எங்கள் பெண்களில் இரண்டு பேர் முன்பு ஒரு பலகாரக் கம்பெனியில் மூன்று ஆண்டு சேவு பிழிந்தவர்கள். அவர்கள் பிழிந்த சேவு இந்த வட்டாரத்தில் போகாத வீடு இல்லை. எந்தக் கல்யாண வீட்டிலும் அதை யாரும் தட்டிவிட்டதில்லை. பெயர் தெரியாதவரை எங்கள் கைக்குச் சாதி இல்லை.

பெண்களில் மூத்தவர், நாங்கள் எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர், கணக்கு நோட்டை மூடச் சொன்னார். "கடையில வாங்கிக் குடுத்தா காசுதான போகுது? நம்ம கை எங்க போகுது? நம்மளே சுடுவோம். நம்ம புள்ளைகளும் திங்கட்டும், அவுக புள்ளைகளும் திங்கட்டும்."

உடனே எதிர்ப்பும் வந்தது. "வேண்டாம் பெரியம்மா. நாம குடுத்து, அவுக வாங்காம போனா நம்ம புள்ளைக முகத்துக்குத்தான் அசிங்கம். பாஞ்சாகுளத்துப் புள்ளைக முகத்தைப் பாத்தீகள்ல?"

பாஞ்சாகுளத்தை இந்தப் பக்கம் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தூரத்தில் இருக்கும் வாசகர்களுக்காகச் சொல்கிறோம். சங்கரன்கோவிலுக்குப் பக்கத்துச் சிற்றூர் அது. 2022 செப்டம்பரில் பள்ளிப் பிள்ளைகள் சிலர் பெட்டிக்கடைக்குத் தின்பண்டம் வாங்கப் போனார்கள். உங்கள் தெருவுக்குப் பண்டம் கொடுக்கக் கூடாது என்று ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். சொன்னதோடு நிற்கவில்லை, அதைப் படம்பிடித்து ஓடவும் விட்டார்கள். ஏற்கெனவே இருந்த வழக்கு ஒன்றில் இறங்கிவரச் சொல்லும் நெருக்கடி அது. பெரியவர்கள் வழக்குக்குப் பிள்ளைகள் மிட்டாயில் கை வைத்தார்கள். கடைக்குச் சீல் வைக்கப்பட்டது, கைது நடந்தது, குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் வரக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கியது 2022 செப்டம்பர் 15. தமிழ்நாடு முழுவதும் அதைப் பாராட்டிக்கொண்டிருந்த அதே வாரத்தில்தான், கையில் காசோடு நின்ற பிள்ளைகளைக் கடை திருப்பி அனுப்பிய படமும் ஓடியது.

அந்தப் படத்தை நாங்கள் எத்தனை முறை பார்த்தாலும் கண் போவது ஒரே இடத்துக்குத்தான். பிள்ளைகள் சண்டை போடவில்லை. ஏன் என்று கேட்டுவிட்டு, கேட்ட பதிலைப் புரிந்துகொள்ளப் பார்க்கிறார்கள். எங்கள் பெண்கள் பயந்தது அந்த முகத்துக்குத்தான். அங்கே கடைக்காரர் கொடுக்க மறுத்தார். இங்கே நாம் கொடுத்து அவர்கள் வாங்க மறுத்தால்?

இரண்டுக்கும் சட்டத்தில் வித்தியாசம் உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, சாதியின் பேரால் யாரையும் கடையில் தடுக்கக் கூடாது என்கிறது. 17ஆவது பிரிவு தீண்டாமையை எந்த வடிவத்திலும் ஒழித்துவிட்டதாகச் சொல்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தபோது, சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் தனிக் குற்றங்களாகச் சேர்ந்தன. ஆக, விற்க மறுப்பவரைச் சட்டம் பிடிக்கும். நாங்கள் சுட்ட அதிரசத்தைத் தின்ன மாட்டேன் என்பவரைப் பிடிக்காது. பிடிக்கவும் கூடாது, யார் வாயிலும் யாரும் திணிக்க முடியாது. சட்டம் போக முடியாத அந்த இடத்தில் வேலை செய்யத்தான் எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம் என்று நினைத்தோம். சுடுவது என்று முடிவானது.

கணக்கு எளிது. ஆளுக்கு இரண்டு பொட்டலம். ஒன்று அங்கேயே தின்ன, ஒன்று வீட்டுக்குக் கொண்டுபோக. ஒரு பொட்டலத்தில் இரண்டு அதிரசம், இரண்டு முறுக்கு. 240 பொட்டலத்துக்கு அதிரசம் 480, முறுக்கு 480. உடைசலுக்கும் எங்கள் பிள்ளைகள் கை நீட்டுவதற்கும் சேர்த்து ஐந்நூறு ஐந்நூறாகச் சுடுவோம் என்றார்கள். அதிரசத்துக்கு 10 கிலோ மாவுப் பச்சரிசி, எட்டு கிலோ வெல்லம். கருப்பட்டிதான் ருசி, ஆனால் அதன் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. முறுக்குக்கு எட்டு கிலோ அரிசிமாவு, இரண்டு கிலோ வறுத்த உளுந்துமாவு, எள், ஓமம். 15 கிலோ டின் எண்ணெய் ஒன்று. விறகுக்குப் பஞ்சமில்லை, கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம்.

அரிசியை ஊறவைத்து, வடித்து, வேட்டியில் பரப்பி நிழலில் உலர்த்தி, கையில் லேசாக ஈரம் ஒட்டும்போதே மில்லுக்குக் கொண்டுபோய்த் திரித்தோம். அதுவரை ஒரு தகராறும் இல்லை. பாகு வைக்கும் நேரத்தில் வந்தது.

பதினொரு பேரில் இரண்டு பேர் அருந்ததியர் பெண்கள். பாகுப் பதம் பார்ப்பதில் அதில் ஒருவரை மிஞ்ச ஆளில்லை. தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டி, மெத்தென்று திரண்டால் இறக்கு என்பார். ஒரு நொடி பிந்தினால் அதிரசம் கல்லாகும், ஒரு நொடி முந்தினால் எண்ணெயில் பிரிந்துபோகும். அவர் அடுப்புப் பக்கம் உட்காரப் போனபோது எங்கள் தெருவிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த ஒரு பாட்டி, "அவ மாவு தட்டட்டும், பாகு வேற ஆரும் பாருங்களேன்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது. எங்கள் தெரு பள்ளர் தெரு.

அண்ணல் அம்பேத்கர் சாதியைப் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னார். மேலே இருப்பவனை எதிர்த்து முறையிடும் ஒவ்வொருவருக்கும், கீழே மிதிக்க ஒருவரை அது கொடுத்து வைத்திருக்கிறது. அதனால்தான் எல்லோரும் சேர்ந்து அதை எதிர்ப்பது இவ்வளவு கடினமாக இருக்கிறது. இதைக் கருத்தரங்குகளில் பலமுறை பேசியிருக்கிறோம். கொதிக்கும் பாகை வைத்துக்கொண்டு பேச நேரமில்லை. பெரியம்மா திரும்பிப் பார்த்து, "ஏன் ஆத்தா, ஊர்த் தெருக்காரன் நம்ம கைப் பலகாரத்தைத் திங்கணும்னு இம்புட்டுப் பாடுபடுதோம். நீ இவ கைப் பாகைத் திங்க மாட்டியாக்கும்? அப்ப அவனை என்னன்னு கேக்குறது?" என்றார். பாட்டி ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். பாகு அந்தப் பெண்தான் வைத்தார். 10 கிலோ மாவுக்கும் மூன்று தவணை பாகு. மூன்றும் பதம் தப்பவில்லை.

கிளறிய மாவைச் சம்படங்களில் அடைத்து இரண்டு நாள் புளிக்க விட்டோம். மூன்றாம் நாள் சனிக்கிழமை இரவு, வேன் இறக்கிவிட்ட கையோடு, இரண்டு அடுப்பு மூட்டி உட்கார்ந்தார்கள். ஒன்றில் முறுக்கு, ஒன்றில் அதிரசம். வெந்த அதிரசத்தை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெயைப் பிழிந்தெடுப்பது கை ஓயும் வேலை. முறுக்கு உரலைத் திருகித் திருகி உள்ளங்கை சிவந்துபோனது. பகல் முழுக்கத் தீப்பெட்டி அடுக்கிய அதே கைகள். விடிய நான்கு மணிக்குக் கடைசி ஈடு இறங்கியது.

பொட்டலம் கட்டும்போதுதான் அடுத்த கேள்வி. இதைச் செய்தது யார் என்று சொல்வதா, வேண்டாமா? சொல்லாவிட்டால் 240 பொட்டலமும் மிச்சமின்றிப் போய்விடும் என்பது நிச்சயம். நல்ல பண்டம், சுத்தமான பண்டம், பிள்ளைகள் சந்தோஷமாகத் தின்பார்கள். ஆனால் அது கம்பெனி சேவின் கதைதான். எங்கள் கை வேண்டும், எங்கள் பெயர் வேண்டாம் என்ற ஏற்பாட்டை நாங்களே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்வதாகும்.

இந்த இடத்தில் எங்களுக்கு ஞாபகம் வந்தது பள்ளிக்கூடச் சமையலறைகள். 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணை, எங்கள் பிள்ளைகளுக்கு இவர் சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதிப் பெற்றோர் எதிர்த்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்த காரியம், அந்தப் பெண்ணை இடம் மாற்றியது. போராட்டம் நடந்த பிறகுதான் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். 2023 செப்டம்பரில் எங்களுக்குக் கிழக்கே எட்டயபுரம் பக்கத்து உசிலம்பட்டியில், தலித் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடாமல் இருந்தார்கள். கனிமொழி எம்.பி.யும் அமைச்சர் கீதா ஜீவனும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். 1950களில் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது இதே எட்டயபுரத்தில்தான். பிள்ளை பசியோடு பள்ளிக்கூடம் வரக் கூடாது என்று எட்டயபுரத்தில் தொடங்கிய நாட்டில், பசித்தாலும் பரவாயில்லை, இவர் கைச் சோறு வேண்டாம் என்று சொல்லிக்கொடுக்கப்பட்ட பிள்ளைகள் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அதே எட்டயபுரம் பக்கத்தில் இருந்தார்கள்.

இந்த இரண்டு சமையல்காரப் பெண்களும் தங்கள் பெயரை மறைக்கவில்லை. மறைத்திருந்தால் பிரச்சினையே இல்லை. அவர்கள் வேலை போகும் ஆபத்தில் நின்றார்கள். ஒரு பொட்டலத்தில் பெயர் எழுத நாங்கள் ஏன் யோசிக்க வேண்டும்? ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு துண்டுச் சீட்டு வைத்தோம். எங்கள் தெருவின் பெயர், செய்த பதினொரு பெண்களின் பெயர், என்ன என்ன சேர்த்தோம் என்ற விவரம், கடைசியில் 'வீட்டில் எல்லோரும் சாப்பிடுங்கள்' என்று ஒரு வரி. எழுதியது எங்கள் மையத்துப் பிள்ளைகள். அவர்கள் கையெழுத்து அழகு.

முகாமின் இரண்டாம் நாள் பிற்பகல் கொடுத்தோம். முதல் பொட்டலத்தை எல்லாப் பிள்ளைகளும் அங்கேயே பிரித்துத் தின்றார்கள். சீட்டைப் படித்தவர்களும் தின்றார்கள், படிக்காதவர்களும் தின்றார்கள். ஒரு பையன் சீட்டைச் சத்தம் போட்டு வாசித்து, தன் பக்கத்தில் இருந்தவளிடம் "இது ஒங்க அம்மாவா?" என்று கேட்டான். "ஆமா, முறுக்கு எங்க அம்மா" என்றாள் அவள். "நல்லாருக்கு" என்றான். வேறொன்றும் நடக்கவில்லை.

இரண்டாவது பொட்டலம் வீட்டுக்குப் போனது. மறுநாள் 31 பேரில் 26 பேர்தான் வந்தார்கள். வந்தவர்களில் ஆறு பேர் பொட்டலத்தைப் பிரிக்காமல் திரும்பக் கொண்டுவந்தார்கள். "அம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்று சொல்லி மேசையில் வைத்தார்கள். ஒரு சிறுமி தலை நிமிரவே இல்லை. பிள்ளைகளிடம் நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. சரி வை தாயி, போய் உக்காரு என்றோம். மிச்ச இருபது வீடுகளில் என்ன நடந்தது என்று எங்களுக்கு முழுதாகத் தெரியாது. சில வீடுகளில் மாட்டுத் தொட்டிக்குப் போயிருக்கலாம். சில வீடுகளில் தின்றிருக்கலாம். ஒரு பொடியன் மட்டும் தானாக வந்து சொன்னான்: "அம்மா தூரப் போடச் சொல்லுச்சு. எங்க ஆச்சி எடுத்து ஒளிச்சு வச்சுத் தின்னுச்சு. ஆரு கிட்டயும் சொல்லாதன்னுச்சு."

திரும்பி வந்த ஆறு பொட்டலத்தையும் அன்று மாலை பெண்கள் முன்னால் வைத்தோம். யாரும் அழவில்லை. பாகு வைத்த பெண் ஒன்றைப் பிரித்து, அதிரசத்தை ஒடித்துத் தின்று பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம், சமபந்தி விருந்து என்ற சொல்லை நம் தோழர்களே அளவுக்கு மேல் நம்புகிறார்கள் என்பது. ஒவ்வொரு ஆகஸ்ட் 15 அன்றும் கோயில்களில் பொது விருந்து நடக்கிறது. அமைச்சர்கள் உட்காருகிறார்கள், படம் வருகிறது. அங்கே யார் யாரோடு உட்கார்ந்தார்கள் என்பதுதான் செய்தி. யார் சமைத்தார்கள் என்பது கேள்வியே இல்லை. பந்தியில் எங்களை உட்கார வைப்பது அவர்களுக்குப் பழகிவிட்டது. சோறு போடுவது மேலே இருப்பவனுக்குப் பெருமைதான். அடுப்படியில் எங்களை நிறுத்திவிட்டு அவர்கள் பந்தியில் உட்கார்ந்தால் அன்றைக்குப் பேசலாம்.

சமூகவியல் வகுப்பில் எங்களுக்கு மக்கிம் மேரியட் பாடமாக இருந்தார். உத்தரப்பிரதேசத்துச் சிற்றூர் ஒன்றில் யார் யாரிடமிருந்து எந்த உணவை வாங்குகிறார்கள் என்று அட்டவணை போட்டு, அதிலிருந்தே சாதியின் ஏணியை வரைந்து காட்டியவர். தண்ணீரில் வெந்த உணவு கச்சா. அதை மேல்சாதியார் கீழே இருப்பவரிடம் வாங்க மாட்டார்கள். நெய்யில் பொரித்தது பக்கா. அதற்குக் கொஞ்சம் விலக்கு உண்டு. எண்ணெயில் பொரித்த பண்டம் தீட்டைக் கொஞ்சம் தாங்கும் என்பது கணக்கு. எங்கள் முறுக்கும் அதிரசமும் அந்தக் கணக்குப்படி எளிதில் படியேற வேண்டிய பண்டங்கள். ஆறு பொட்டலம் திரும்பி வந்தபோது ஒன்று புரிந்தது. நம் தெரு வரும்போது அந்த விலக்கும் கிடையாது. விலக்கெல்லாம் ஏணியின் படிகளில் இருப்பவர்களுக்குள்தான். ஏணிக்கு வெளியே வைக்கப்பட்டவர்களுக்கு எண்ணெய் உதவாது.

சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி ஒழியாது என்று 1936இல் வெளியிட்ட சாதி ஒழிப்பு நூலிலேயே பாபாசாகேப் சொல்லிவிட்டார். கலந்து உண்ணும் சாதிகள் எத்தனையோ இருக்கின்றன, அவற்றிடையே சாதி செத்துவிடவில்லை. கலப்பு மணமும், சாதியைப் புனிதமாக்கும் நம்பிக்கையை உடைப்பதும்தான் மருந்து என்பது அவர் வாதம். அதை நாங்கள் மறுக்கவில்லை. அதிரசம் சுட்டுச் சாதியை ஒழித்துவிடலாம் என்று கிளம்பியவர்கள் அல்ல நாங்கள். ஆனால் கைப்பலகாரத்தையே வாங்க மனமில்லாத வீட்டில், கைப்பிடிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு என்ன காத்திருக்கிறது என்பதை இந்த மாவட்டங்களில் ஆணவக் கொலைச் செய்தி படிக்கும் எவரும் அறிவார்கள். அந்த வீட்டின் உள்கட்டு எப்படி இருக்கிறது என்று ஒரு பொட்டலம் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கதை அங்கே முடியவில்லை. முகாம் முடிந்து மூன்று வாரம் கழித்து, தை பிறந்த பிறகு, ஊர்த் தெருவிலிருந்து ஒரு அம்மா மையத்துக்கு வந்தார். மகளுக்கு வளைகாப்பு. அதிரசம் ஐந்நூறு, முறுக்கு ஐந்நூறு வேண்டும். "ஒங்க ஆளுக சுட்டது அம்புட்டு நல்லாருந்துச்சு. அதே பதத்துல வேணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா ஆரு சுட்டதுன்னு வெளிய தெரிய வேண்டாம். கோவில்பட்டியில சொல்லிச் செஞ்சதுன்னு சொல்லிக்கிடுதேன்" என்றார். தன் வீட்டுக்கு வந்த பொட்டலத்தை அவர் தின்றிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

அதிரசம் 12 ரூபாய், முறுக்கு எட்டு ரூபாய். மொத்தம் 10,000 ரூபாய். செலவு போக ஆறாயிரம் நிற்கும் என்று கணக்குப் போட்டோம். பதினொரு பேருக்கும் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல் வரும். தீப்பெட்டி ஆபீஸில் ஒருநாள் கூலியைவிட அதிகம். ஒரு முறை செய்தால் அடுத்தடுத்து ஆர்டர் வரும். இதை ஒரு தொழிலாகவே வளர்க்கலாம். வேன் ஏறாமல் வீட்டில் இருந்து சம்பாதிக்கலாம். லேசான விஷயமில்லை.

அன்றிரவு நடந்த பேச்சில் நாங்கள் நான்கு பேரும் வாய் திறக்கவில்லை. கூலிக்குப் போகிறவர்கள் அவர்கள், முடிவும் அவர்களுடையது. "காசுக்கு என்ன சாதி? கம்பெனியில பேரு சொல்லாமத்தான சேவு பிழிஞ்சோம்? அப்ப ரோசம் வரலியே" என்றார் ஒருவர். அதில் உண்மை இருந்தது. "கம்பெனியில முதலாளி பேரு போட்டு வித்தான். அது அவன் சரக்கு. இது நம்ம சரக்கு மதினி. நம்ம சரக்குக்கு நாமளே அடுத்தவன் பேரு வைக்கவா?" என்றார் இன்னொருவர். புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் பெண் ஒருவர் கடைசிவரை ஆர்டரை எடுக்க வேண்டும் என்றே நின்றார். "அந்த ஐந்நூறு எனக்கு ஒரு வாரத்துக் காய்கறி. பேரு வேணும்ங்கிறவுக அந்தக் காசை எனக்குக் குடுங்க" என்றார். அதற்கு எவரிடமும் பதில் இல்லை. எங்களிடமும் இல்லை.

நள்ளிரவுக்கு முன் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆர்டரை எடுப்போம், சொன்ன நாளில் சுட்டுத் தருவோம், விலையில் 500 ரூபாய் குறைத்தும் தருவோம். ஆனால் டப்பாவில் எங்கள் சீட்டு இருக்கும். சீட்டைக் கிழித்துப் போடுவது அவர்கள் பாடு. ஒட்டாமல் தருவது எங்களால் முடியாது. மறுநாள் பெரியம்மாவே போய் அந்த அம்மாவிடம் சொன்னார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றாராம். வளைகாப்பு முடிந்துவிட்டது. பலகாரம் கோவில்பட்டியிலிருந்து வந்தது என்று கேள்விப்பட்டோம். காய்கறிக் காசு கேட்ட பெண்ணுக்கு மற்ற பத்துப் பேரும் ஆளுக்கு 50 ரூபாய் போட்டுக் கொடுத்தார்கள். அவர் முதலில் வாங்க மறுத்து, பிறகு கடனாக எழுதிக்கொள்ளச் சொல்லி வாங்கினார்.

இந்த ஆண்டு டிசம்பரிலும் முகாம் உண்டு, பலகாரமும் உண்டு. போன முறை எழுந்து போன பாட்டி இந்த முறை எள் புடைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பாகு யார் வைப்பது என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும்.

இதைப் படிக்கும் தலித் அல்லாத தோழர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறோம். நீங்கள் எங்கள் வீட்டில் சாப்பிட்டீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அதைப் பலமுறை எழுதியும் இருக்கிறீர்கள். இந்தத் தீபாவளிக்கு எங்கள் தெருவுக்கு வாருங்கள். ஒரு சம்படம் நிறையத் தருகிறோம். நீங்கள் தின்பதற்கு இல்லை. உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய், உங்கள் அம்மா முன்னால் வைத்து, இது யார் வீட்டில், யார் கையால் சுட்டது என்று பெயர் சொல்லிக் கொடுங்கள். பிறகு என்ன நடந்தது என்று எங்களுக்குச் சொல்லுங்கள். சம்படத்தை மறக்காமல் திருப்பிக் கொடுங்கள், அது பெரியம்மாவினுடையது.